5000 ஆர்பிஎம்ல மட்டும் வர்ற நடுக்கம்: ஒரு 150 சிசி பைக், நாலு மாசம், ஒரு போல்ட்டு

வண்டி யாரோடது, எந்தக் கம்பெனி, முன்னாடி எந்தப் பட்டறைல வண்டிய வேலை பார்த்தாங்கன்னு எதுவும் சொல்லப்போறதில்ல, அது தேவையும் இல்ல. என்ன நடந்துச்சு, நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு மட்டும் நோட்டுல எழுதி வச்சிருந்ததைப் பார்த்து எழுதுறேன். நடுக்கம்னு வண்டிய எடுத்துட்டு வர்றவங்களும் பட்டறை வச்சிருக்கிறவங்களும் படிக்கலாம்.

வண்டியும் ஆளும்

150 சிசி, ஒத்த சிலிண்டர், அஞ்சு கியர், கார்புரேட்டர் வண்டி. 2017-ல எடுத்தது, எங்க பட்டறைக்கு வந்தப்ப 52,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருந்துச்சு. ஓட்டுறவருக்கு முப்பது வயசு இருக்கும், கிணத்துக்கடவுல இருந்து கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனிக்கு தினம் போய் வர்றாரு, போக வர 50 கிலோமீட்டருக்கு மேல வரும். அங்க அவருக்கு குவாலிட்டி செக்கிங் வேலை, மோட்டார் பம்ப் ஓடவிட்டு மீட்டர் வச்சு நடுக்கம் அளக்குறதும் அவரு வேலைல ஒண்ணு. இதை இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கேஸ்ல முதல்ல அந்தப் படிப்பாலதான் வழி தப்புச்சு, கடைசில அந்தப் படிப்பாலதான் வழி கிடைச்சுது.

வண்டியை ஒழுங்கா வச்சிருக்கிற ஆளு. 3,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை ஆயில், வாரம் ஒருதடவை செயினுக்கு எண்ணெய், பில்லெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு சீட்டுக்கு அடியில வச்சிருந்தாரு.

எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி

சித்திரை கடைசில லேசா ஆரம்பிச்சிருக்கு. அவரு சொன்னது இதுதான்: "அண்ணா, டாப் கியர்ல 55 தாண்டுனா ஃபுட்ரெஸ்ட்டுல இருந்து கால்ல ஜிவ்வுன்னு ஏறுது, 60-ல உச்சத்துல இருக்கு, 70-ஐ தாண்டிட்டா பாதி அடங்கிருது. ஆபீஸ் போய் இறங்குனா பாதம் மரத்துப்போயிருது." அவங்கப்பாகிட்ட சொன்னதுக்கு ஆடிக் காத்துக்கு வண்டி ஆடத்தான் செய்யும் போடான்னு சொல்லிட்டாராம். எங்க ஊருப்பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து அப்படி, ஆனி ஆடில பொள்ளாச்சி ரோட்ல ஆளையே தள்ளும், அதனால அவரு சொன்னதுலயும் தப்பில்ல. ஆனா காத்து அடிக்காத விடியக்காலம் அஞ்சு மணிக்கும் அதே நடுக்கம் இருந்திருக்கு.

அதுக்கப்புறம் அவரே ஒரு சோதனை பண்ணிருக்காரு. ஃபோன்ல நடுக்கம் அளக்குற ஆப்பு ஒண்ணு போட்டு, ஃபோனை டேங்க் மேல டேப் அடிச்சு ஒட்டி 60-ல ஓட்டிருக்காரு. 17 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது செகண்டுக்கு 17 தடவைங்கிற இடத்துல, கிராஃப்புல ஒரு பெரிய முள்ளு எந்திரிச்சிருக்கு. பின் டயரு 100/90-17, அதோட சுத்தளவு 1.92 மீட்டர் வரும், 60 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் செகண்டுக்கு 8.7 சுத்து சுத்தும். 17-ங்கிறது அதுக்கு ரெட்டிப்பு. பம்ப் வேலைல சுத்துற வேகத்துக்கு ரெட்டிப்புல நடுக்கம் வந்தா அலைன்மென்ட்டைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. ஆக பின் சக்கரம்தான்னு முடிவு பண்ணிட்டாரு.

அந்தக் கணக்கை நம்பி வேற இடத்துல கொடுத்து பின் டயர் புதுசு, வீல் பேலன்ஸ், வீல் பேரிங், டிரம் ரப்பர், அதோட செயின் ஸ்ப்ராக்கெட் செட்டும் மாத்திட்டாங்க. 5,000 ரூபாய்க்குக் கிட்ட ஆயிருக்கு. பழைய செயின் ஏற்கனவே நல்லா ஓடினதுதான், அதனால அந்தக் காசு முழுசா வீண்னு சொல்லமாட்டேன். ஆனா நடுக்கம் ஒரு துளி கூடக் குறையல. வேலை பார்த்தவங்களும் கடைசில, வண்டி 50,000 ஓடிருச்சு, இன்ஜின் பழசானா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

முதல் நாள்: ரோட்டுல பார்த்தது

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை வந்தாரு. ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம்னு வர்ற எந்த வண்டிக்கும் முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இது சக்கரத்தோட வேகத்தைப் பின்தொடருதா இல்ல இன்ஜினோட வேகத்தைப் பின்தொடருதா. இதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம்.

காலி ரோடு பார்த்து டாப் கியர்ல 62 வரைக்கும் ஏத்துனேன், நடுக்கம் நல்லா வந்துச்சு. கிளட்ச்சைப் புடிச்சு ஆக்ஸிலேட்டரை விட்டேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிருச்சு, வண்டி அதே 60-ல உருண்டுக்கிட்டு இருக்கு, நடுக்கம் ஒரு செகண்டுல காணாமப்போச்சு. சக்கரமோ டயரோ பேரிங்கோ காரணம்னா இப்பவும் ஆடணும். அடுத்து மூணாவது கியர்ல 5000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) வச்சேன், வேகம் 40 கூட இல்ல, ஆனா அதே ஜிவ்வு அதே இடத்துல வந்துச்சு. நாலாவதுலயும் அப்படித்தான். ஆக வேகம் எவ்வளவா இருந்தாலும் சரி, 4800-ல இருந்து 5500-க்குள்ள இன்ஜின் நின்னா வருது.

பட்டறைக்கு வந்து டபுள் ஸ்டாண்டு போட்டு நியூட்ரல்ல முறுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கம்மியா இருந்தாலும் அதே இடத்துல வந்துச்சு. பாதத்துல உணர்றதே வேற மாதிரி இருக்கும்ங்க. சக்கரத்து நடுக்கம்னா செகண்டுக்கு எட்டு ஒம்போது தடவை வர்றது, அது உதறலாத் தெரியும், ஹேண்டில்பாரோ சீட்டோ குதிக்கிற மாதிரி. 5000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 83 தடவை. அது குதிக்காது, கூசும், மரத்துப்போகும். இந்தத் தம்பி முதல் வாக்கியத்துலயே ஜிவ்வுன்னு சொன்னாரு, மரத்துப்போகுதுன்னும் சொன்னாரு. டயர் மாத்துறதுக்கு முன்னாடி அதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

ஃபோன் சொன்ன 17 எங்கிருந்து வந்துச்சு

அவருக்கு இது ஒப்பல. மெஷின் பொய் சொல்லுமான்னு கேட்டாரு. நியாயமான கேள்வி, அதனால ரெண்டு பேரும் உக்காந்து அவரு சேமிச்சு வச்சிருந்த படங்களைப் பார்த்தோம். அந்த ஆப்பு செகண்டுக்கு 100 தடவைதான் அளவெடுக்குதுன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. செகண்டுக்கு 100 தடவை பார்க்குற கண்ணுக்கு 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்காத் தெரியும், அதுக்கு மேல போறது மடங்கிக் கீழ விழுந்து வேற எண்ணாத் தெரியும். 83-ங்கிறது 100-ல இருந்து கழிச்சு 17-ஆத் தெரியும். சினிமால வேகமா ஓடுற மாட்டுவண்டிச் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அதே சங்கதிதான். 60 கிலோமீட்டர் வேகத்துல சக்கரத்தோட ரெட்டிப்பும் 17-ஆ வந்து நின்னது வெறும் தற்செயல்.

இன்னொரு படத்துல 65-ல ஓட்டுனப்ப முள்ளு 10-க்கு இறங்கியிருந்துச்சு. அதை அவரு சக்கரத்தோட ஒத்த வேகம்னு எடுத்துக்கிட்டாரு, கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போயிருச்சு. ஆனா வண்டி வேகம் கூடுறப்ப முள்ளு கீழ இறங்குதுன்னா அது சக்கரமா இருக்கவே முடியாதுல்ல. 65-ல இன்ஜின் 5400 சுத்தும், அதாவது 90 ஹெர்ட்ஸ், 100-ல கழிச்சா 10. தம்பி தலையில கைய வச்சுக்கிட்டாரு. பம்ப்ல 2900 ஆர்பிஎம்முக்கு மேல பெருசா போறதில்ல, அங்க இருக்கிற மீட்டரும் சரியான மீட்டரு, அதனால இந்தப் பிரச்சினையே அவருக்கு வந்ததில்ல.

இடையில ஒண்ணு, நல்ல ஃபோனை பைக் மேல ஒட்டி இப்படிச் சோதனை பண்ணாதீங்க. பெரிய பைக் இன்ஜின் நடுக்கம் கேமராவைக் கெடுக்கலாம்னு ஐஃபோன் கம்பெனியே 2021-ல அறிவிச்சிருக்கு. பழைய ஃபோன் இருந்தா அதை வச்சுக்குங்க.

முதல் நாள்: கைவச்சுப் பார்த்தது

இன்ஜின் பக்கம்னு ஆனதும் வெளியில இருந்து உள்ள போறதுதான் முறை. சைலன்சர் கிளாம்பு, ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு, டேங்க் ரப்பர், நடுக்கத்தை அடக்க ஹேண்டில் முனைல இருக்கிற வெயிட்டு எல்லாம் சரியா இருந்துச்சு. பிளக்கு காபிப்பொடி நிறத்துல நல்லா எரிஞ்சிருந்துச்சு. ஐடில்ல தட்டலோ திணறலோ இல்ல.

அப்புறம் ஃபவுண்டேஷன் போல்ட்டு. இந்த வண்டில இன்ஜினைச் சேஸிஸோட புடிக்கிறது நாலு போல்ட்டு, முன்னாடி ஹேங்கர் பிளேட்டுல (இன்ஜினையும் சேஸிஸையும் சேர்க்குற தகடு) ரெண்டு, பின்னாடி ரெண்டு. டார்க் ரெஞ்ச்சை, அதாவது வச்ச அளவுக்கு இறுக்கம் வந்ததும் டிக்குன்னு அடிக்கிற ஸ்பானரை, மேனுவல்ல சொன்ன அளவுக்கு வச்சு நாலுக்கும் போட்டேன். நாலும் டிக்குன்னு அடிச்சுது, ஒண்ணு கூட கால் சுத்து அசையல. நோட்டுல "ஃபவுண்டேஷன் ஓகே"ன்னு எழுதி கோடு போட்டுட்டேன். இந்தக் கோடுதான் என்னோட ஒண்ணரை நாளைத் தின்னுச்சு.

தப்பான முடிவு: கிளட்ச் கவரைத் திறந்தது

அவரோட பில் கவர்ல பங்குனி மாசத்து பில்லு ஒண்ணு, கிளட்ச் பிளேட் செட் மாத்தினது. நடுக்கம் ஆரம்பிச்சது அதுக்கு ஒரு மாசத்துக்கு அப்புறம். எனக்கு உடனே பேலன்சர் ஷாஃப்ட்டு மேல சந்தேகம் வந்துருச்சு.

தெரியாதவங்களுக்காக: ஒத்த சிலிண்டர் இன்ஜின்ல பிஸ்டன் மேல கீழ போறதை எதுத்து ஆட இன்னொரு பிஸ்டன் கிடையாது. அதனால கிராங்க் கூடவே அதே வேகத்துல எதிர்ப்பக்கமா சுத்துற எடை வச்ச ஷாஃப்ட்டு ஒண்ணைப் போட்டிருப்பாங்க, இது அந்த ஆட்டத்துல பெரும்பகுதியை அடிச்சுரும். கிராங்க் கியர்லயும் பேலன்சர் கியர்லயும் புள்ளி இருக்கும், ரெண்டு புள்ளியும் நேருக்கு நேர் நிக்கணும். கழட்டி மாட்டுறப்ப ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா எடை தப்பான நேரத்துல சுத்தும், வண்டி கிடுகிடுன்னு ஆடும். இந்த மாடல்ல அந்தக் கியர் கிளட்ச் கவருக்குப் பின்னாடிதான் இருக்கு.

சந்தேகம் தப்பில்ல, ஆனா கையில இருந்த ரெண்டு உண்மைக்கு அது பொருந்தல. ஒண்ணு, கிளட்ச் பிளேட்டு மாத்த பேலன்சர் கியரைத் தொடவே வேண்டாம். ரெண்டாவது, பல்லு தள்ளியிருந்தா மாட்டின அன்னிக்கே, ஐடில்ல இருந்தே ஆடும், ஒரு மாசம் கழிச்சு மெதுவா வந்து ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் நிக்காது. ரெண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திறந்தேன். ஏன்னு இப்ப யோசிச்சா, வேற ஒருத்தர் கைவச்ச இடம்னு ஒரு பில்லைப் பார்த்ததும் புத்தி அங்கயே போய் ஒட்டிக்கிச்சு, இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிறவன் கூட அதுல இருந்து தப்பிக்கிறதில்ல.

ஆயிலை இறக்கி, கவரைக் கழட்டி, பிஸ்டனை மேல கொண்டுவந்து வச்சுப் பார்த்தா புள்ளி ரெண்டும் ஊசி முனை மாதிரி நேரா நிக்குது. பேலன்சர் பேரிங்ல ஆட்டம் இல்ல. கிளட்ச்சு வேலையும் சுத்தமாத்தான் பண்ணியிருந்தாங்க. புது கேஸ்கெட் போட்டு மூடினேன். ஓட்டிப் பார்த்தா அதே 5000, அதே ஜிவ்வு. அன்னிக்கு வேலைக்குக் காசு வாங்கல, கேஸ்கெட் காசும் வாங்கல.

மூணாம் நாள்: மீட்டர் வந்துச்சு

ராத்திரி அவருக்கு ஃபோன் பண்ணி உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு உண்மையச் சொன்னேன். அவரு ஒரு யோசனை சொன்னாரு. கம்பெனில பம்ப்பு அடித்தளத்துல போல்ட்டு லூசா இருக்கான்னு பார்க்க ஒரு வழி வச்சிருக்காங்களாம், மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரீடிங், அந்தப் பக்கம் ஒரு ரீடிங் எடுப்பாங்க. ரெண்டும் இறுகிப் புடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் ஆடும், ரீடிங் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். பெருசா வித்தியாசம் வந்தா நடுவுல புடிப்பு இல்லைன்னு அர்த்தம். எனக்கு இது புதுசு, ஆனா கேட்டதும் புரிஞ்சுது. சனிக்கிழமை கேட்டுவாங்கி பேனா மாதிரி இருக்கிற மீட்டரைக் கொண்டுவந்தாரு, அது மில்லிமீட்டர் பெர் செகண்டுன்னு ஒரே எண்ணா காட்டும், ஹெர்ட்ஸ் குழப்பம் எல்லாம் இல்ல.

டபுள் ஸ்டாண்டு போட்டு, எங்க பையன் ஆர்பிஎம்மை 5000-ல புடிச்சுக்கிட்டான், நாங்க ஒவ்வொரு ஃபவுண்டேஷன் இடத்துலயும் இன்ஜின் பக்கம், சேஸிஸ் பக்கம்னு மாத்தி மாத்தி வச்சோம். ஃபுட்ரெஸ்ட்டுல 34. பின்னாடி கீழ இன்ஜின்ல 30, சேஸிஸ்ல 28. பின்னாடி மேல 27-ம் 26-ம். முன்னாடி கீழ 33, 29. முன்னாடி மேல, இன்ஜின் காதுல (போல்ட்டு நுழையிற ஓட்டை இருக்கிற இன்ஜின் முனை) 46, அதுக்கு ஒரு விரக்கடை தள்ளி இருக்கிற ஹேங்கர் பிளேட்டுல 19.

மூணு தடவை எடுத்தோம், ஒரு எண்ணு ரெண்டு எண்ணு மாறுச்சே தவிர அந்த இடைவெளி மாறல. முந்தாநேத்து டிக்குன்னு அடிச்சு ஓகேன்னு நான் கோடு போட்ட போல்ட்டு அது.

டார்ச் அடிச்சுக் கிட்டத்துல போய்ப் பார்த்தேன். பிளேட்டு ஓரத்துல கருஞ்சிவப்பா மாவு மாதிரி பொடி அப்பியிருந்துச்சு. ரெண்டு இரும்பு இறுகப் புடிக்காம ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சா சிவப்புப் பொடி வரும், அலுமினியம் சேர்ந்தா கருக்கும். முதல் நாளே அது அங்க இருந்திருக்கணும், புழுதின்னு நெனச்சு விட்டிருப்பேன்.

அந்தப் போல்ட்டுலதான் லெக் கார்டும் புடிச்சிருந்துச்சு. இது எப்ப மாட்டுனீங்க தம்பின்னு கேட்டேன். மாசி மாசம்ணா, கல்யாணத்துக்கு மச்சான் வாங்கிக் குடுத்ததுன்னாரு. முதல் நாள் கேட்டப்ப சொல்லலியேன்னா, "என்ன வேலை செஞ்சீங்கன்னுதானுங்ண்ணா கேட்டீங்க, இது வேலையில்லீங்களே, மாட்டுனதுதானே"ன்னாரு. சரிதான், நான் கேட்ட விதம் அப்படி.

என்ன ஆகியிருந்துச்சு

போல்ட்டைக் கழட்டி வெர்னியர்ல அளந்தோம். லெக் கார்டு மாட்டுனவங்க கம்பெனி போல்ட்டை எடுத்துட்டு கார்டோட வந்த நீளமான போல்ட்டைப் போட்டிருக்காங்க. கார்டோட ரெண்டு பட்டையும் சேர்றதால நீளம் வேணும்தான். அது 10 எம்எம் கனம், 120 நீளம், அதுல கடைசி 26 மட்டும் மரை, மீதி 94 மரையில்லாத மொட்டைத் தண்டு. நடுவுல புடிக்க வேண்டிய பட்டை, பிளேட்டு, இன்ஜின் காது, வாஷர் எல்லாம் சேர்த்து அளந்தா 93.5.

அதாவது நட்டு ஏறி ஏறி வந்து, பட்டையை இறுக்குறதுக்கு அரை மில்லி முன்னாடியே தண்டுல முட்டி நின்னுருச்சு. மரை முடிஞ்ச இடத்துல நட்டு நிக்குது, அதுக்கு மேல எவ்வளவு பலமாத் திருப்பினாலும் அது போல்ட்டோடதான் சண்டை போடும், பிளேட்டைப் புடிக்காது. டார்க் ரெஞ்ச்சுக்கு அது தெரியுமா? அது டிக்குன்னுதான் சொல்லும். நட்டும் நைலான் வச்ச லாக் நட்டு, அதனால தானா கழண்டு வரவும் இல்ல, சத்தமும் போடல. கார்டு வேற ரெண்டு இடத்துலயும் புடிச்சிருந்ததால அதுவும் ஆடல.

மாட்டின அன்னிக்கே ஏன் நடுங்கலன்னா, கார்டு பட்டையில பெயின்ட்டு தடிமனா அடிச்சிருந்துச்சு, பட்டையும் லேசா வளைஞ்சிருந்துச்சு. அந்தப் பெயின்ட்டும் வளைவும் அரை மில்லியை நிரப்பிக்கிட்டு ரெண்டு மாசம் புடிச்சிருக்கு. இன்ஜின் சூட்டுலயும் நடுக்கத்துலயும் பெயின்ட்டு நசுங்கி உரிய உரியப் புடிப்பு போயிருச்சு. கழட்டினப்ப பட்டையில வட்டமா பெயின்ட்டே இல்ல, வெள்ளையா இரும்பு மின்னுச்சு. அவரு சொன்ன "மெதுவா வந்துச்சு"க்கு பதில் அங்க இருந்துச்சு.

ஏன் 5000-ல மட்டும்னா, பேலன்சர் இருந்தாலும் ஒத்த சிலிண்டர் இன்ஜின்ல கொஞ்சம் நடுக்கம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். நாலு பக்கமும் இறுக்கிப் புடிச்ச இன்ஜினும் சேஸிஸும் ஒரே கட்டை மாதிரி நிக்கும், அது தன் போக்குல ஆட ஆசைப்படுற வேகம் ரொம்ப மேல இருக்கும், நாம தினம் ஓட்டுற ஆர்பிஎம்ல வராது. ஒரு பக்கம் புடிப்பு விட்டா கட்டை தளர்ந்து அந்த வேகம் கீழ இறங்கும். இந்த வண்டில அது 5000 பக்கத்துல வந்து உக்காந்திருக்கு. ஊஞ்சலை அது ஆடுற நேரம் பார்த்துத் தள்ளுனா உசரப் போகுமே, அப்படித்தான். 70 தாண்டுனா அடங்குனதும் அதனாலதான்.

எடுத்த முடிவுகள்

ரெண்டு வாஷர் எக்ஸ்ட்ரா போட்டா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும். பையன் அதைத்தான் சொன்னான். நான் ஒத்துக்கல. போல்ட்டுத் தலையில பலத்தைச் சொல்ற 8.8 மாதிரி எந்த முத்திரையும் இல்ல, எவ்வளவு தாங்கும்னே தெரியாத இரும்பை இன்ஜின் புடிக்கிற இடத்துல வைக்க மனசு வரல. வாஷர் போட்டாலும் கீழ இருக்கிற பெயின்ட்டு திரும்ப நசுங்கும்.

முதல் வேலையா லெக் கார்டைக் கழட்டி வச்சுட்டு, கம்பெனி போல்ட்டு புதுசு வாங்கிப் போட்டோம். ஒரே நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும், இல்லேன்னா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது. நாலு ஃபவுண்டேஷனையும் லூஸ் பண்ணி, இன்ஜின் அடியில ஜாக்கி குடுத்து எடையைத் தாங்க வச்சு, நாலு போல்ட்டும் கையாலயே வழுக்கிக்கிட்டு உள்ள போற மாதிரி உக்கார வச்சு, அப்புறம்தான் ஒவ்வொண்ணா இறுக்குனோம். ஒண்ணை மட்டும் இழுத்து இறுக்குனா இன்ஜின் முறுக்கிக்கிட்டு நிக்கும், அதுவே புதுசா ஒரு நடுக்கத்தைக் கொண்டுவரும்.

ஹேங்கர் பிளேட்டு ஓட்டை லேசா நீள்வட்டமா ஆயிருந்துச்சு, ஒரு பக்கம் 10.2, இன்னொரு பக்கம் 10.5. பிளேட்டு மாத்தலாமான்னு யோசிச்சேன். இறுக்கிப் புடிக்கிற மூட்டுல ஓட்டை சுவரு எடையைத் தாங்குறதில்ல, பிளேட்டுக்கு நடுவுல இருக்கிற உரசல்தான் தாங்குது, அதனால இப்போதைக்கு விட்டு, கண்காணிக்கலாம்னு முடிவு பண்ணுனேன்.

ஒரு வாரம் கார்டு இல்லாம ஓட்டச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கார்டு திரும்ப வந்துச்சு, மச்சான் குடுத்தது வீட்ல சும்மா கிடக்க முடியாது. இந்தத் தடவை 8.8 முத்திரை போட்ட 110 எம்எம் போல்ட்டு. மரை அதே 26-தான், ஆனா தண்டு 84-லயே முடிஞ்சுருது, நட்டு தாராளமா உள்ள வந்து இறுக்கும், வெளியவும் நாலஞ்சு மரை நீட்டிக்கிட்டு நிக்கும். முழுசும் மரை இருக்கிற போல்ட்டு கடையில ஈஸியாக் கிடைச்சுது, அதை வாங்கல, ஓட்டைக்குள்ள மரை உக்காந்தா அது அரம் மாதிரி அலுமினியத்தைத் தேய்ச்சுரும். கார்டு பட்டையில பிளேட்டைத் தொடுற இடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுத்தமாச் சுரண்டிட்டு லேசா கிரீஸ் தடவுனோம்.

அதுக்கப்புறம்

கம்பெனி போல்ட்டு போட்ட அன்னிக்கு அதே ஸ்டாண்டுல அதே 5000-ல முன்னாடி மேல இன்ஜின் காது 18, பிளேட்டு 17. ஃபுட்ரெஸ்ட்டுல 34 இருந்தது 12-ஆ ஆச்சு. கார்டு மாட்டினதுக்கு அப்புறம் 14. கூடுன அந்த ரெண்டு எண்ணு கார்டோட கனத்தால வந்திருக்கும், பாதத்துக்குத் தெரியல.

ரோட்டுல அவரே ஓட்டிட்டு வந்து ஒண்ணும் பேசல, திரும்ப ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. 6500-க்கு மேல லேசா ஒரு கூசல் இருக்குண்ணான்னாரு. இருக்கும், அது இந்த மாடலோட குணம், நம்ம பையன் வண்டியும் அதேதான், ரெண்டையும் மாத்தி ஓட்டிக் காட்டுனேன்.

நட்டுக்கும் பிளேட்டுக்கும் குறுக்க வெள்ளை பெயின்ட்டுல ஒரு கோடு போட்டு விட்டேன். 500 கிலோமீட்டர்லயும் 2,000-லயும் பார்த்தோம், கோடு நகரல, சிவப்புப் பொடியும் இல்ல. போல்ட்டும் நட்டும் சேர்த்து 100 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. அந்த 5,000 ரூபாயை நான் அவருக்கு ஞாபகப்படுத்தல, அவரே மறக்கல.

இப்ப பட்டறையில மாத்தினது

நடுக்கம்னு வந்தா என்ன வேலை செஞ்சீங்கன்னு இப்ப கேக்குறதில்ல, ஆறு மாசத்துல வண்டில புதுசா என்ன மாட்டுனீங்க, என்ன கழட்டுனீங்கன்னு கேக்குறேன். ஃபோன் ஹோல்டர், பெட்டி, லெக் கார்டு, ஹாரன், ஃபாக் லைட்டு, எல்லாம் அதுல வந்துரும். ஹேண்டில் முனை வெயிட்டைக் கழட்டிட்டு வேற கண்ணாடி மாட்டினவங்க ரெண்டு பேரு இந்தக் கேள்வியிலயே சிக்கிட்டாங்க, அவங்க வண்டிக்கு ஸ்பானரே எடுக்கல.

டார்க் ரெஞ்ச் டிக்குன்னு சொன்னா மட்டும் ஓகேன்னு எழுதுறதில்ல. நட்டை ரெண்டு சுத்து பின்னால எடுத்து, வாஷரை விரல்ல சுத்திப் பார்த்து, திரும்ப இறுக்குறப்ப வாஷர் புடிபடுதான்னு பார்க்குறேன். நட்டு நின்னதுக்கு அப்புறமும் வாஷர் சுத்துச்சுன்னா போல்ட்டு நீளம் தப்பு. இதுக்கு போல்ட்டுக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. இன்ஜின் கவரைத் திறக்குறது எப்பவும் கடைசில, அதுவும் மூட்டு ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்ததுக்கு அப்புறம்தான். மீட்டர் இல்லாட்டி நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை வச்சு, புடியைக் கையில புடிச்சே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வித்தியாசம் உணரலாம். 46-க்கும் 19-க்கும் இருக்கிற வித்தியாசம் கைக்கே தெரிஞ்சிருக்கும்.

இந்தக் கேஸ்ல மிச்சம் இருந்த ஒரே கம்ப்ளெயின்ட்டு என்னால வந்தது. 2,000 கிலோமீட்டர் செக்கிங்குக்கு வந்தப்ப கிளட்ச் கவர் அடியில எண்ணெய் கசிஞ்சு புழுதி அப்பியிருந்துச்சு. நான் தேவையில்லாமத் திறந்து மூடின அதே கவரு, பழைய கேஸ்கெட் துணுக்கு ஒரு இடத்துல சரியாச் சுரண்டாம விட்டிருக்கேன். "நடுக்கம் போயிருச்சுங்ண்ணா, இப்ப எண்ணெய் வருது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. காசு வாங்காம மறுபடியும் இறக்கி, சுத்தம் பண்ணி, வேற கேஸ்கெட் போட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஆயில் சர்வீஸ் முடிஞ்சுருச்சு, கசிவு இல்ல.